நான் பார்த்து வைத்த தோல் பை

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. மதுரை ஜங்ஷனில் ராமேஸ்வரம் வண்டி நகர ஆரம்பித்தபோது என் கணவர் ஜன்னலோரம் இடம்பிடித்து, மடியில் ஒரு தோல் பையை வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பையன் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவர் அப்படி அணைத்து வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பையை முதலில் பார்த்தவள் நான். இதைச் சொல்லிவிடாமல் இந்தப் பயணத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. டவுன்ஹால் ரோட்டில் பெட்டிகள் விற்கும் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. தேன் நிறத் தோல். உள்ளே சிவப்புக் கம்பளி ஒட்டி, காமிராவுக்கு ஓர் அறை, லென்ஸுக்கு ஓர் அறை, பிலிம் சுருள்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். தோளில் போடும் வார் இரண்டு விரற்கடை அகலம். பித்தளைக் கொக்கி, அதற்கொரு குட்டிச் சாவி. விலை நாற்பத்தெட்டு ரூபாய். ஒரு வாரம் தினமும் சாப்பாடு பரிமாறும்போது அதைப் பற்றியே அவரிடம் பேசினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். எட்டாம் நாள் சாயங்காலம் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"நீ சொன்னது சரிதான் மரகதம். நல்ல பை" என்றார்.

எங்களுக்கு மதுரையில் ஒரு சின்ன போட்டோ கடை. கல்யாணமான புதிதில் அவர்தான் எனக்குக் காமிராவைக் கற்றுக்கொடுத்தார். ஆண் படக்காரர் முன்னால் உட்கார மாட்டோம் என்று சொல்லும் வீடுகளுக்கு நான் போய்ப் படம் எடுப்பது மெல்ல மெல்ல வழக்கமாகிவிட்டது. இந்த முறை சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை, கோடை மலருக்காக ராமேஸ்வரக் கடற்கரைப் படங்கள் வேண்டுமென்று அவரைக் கேட்டிருந்தது. அதே சமயம் பெரியபட்டினத்தில் ஒரு வியாபாரி வீட்டுப் பெண்கள், கொழும்பிலிருக்கும் தங்கள் ஆண்களுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பயணமாக்கிக்கொண்டோம்.

தோல் பை அவருக்கு என்று ஆனபின் எனக்கு ஒரு பை வேண்டியிருந்தது. நான் சுமக்க வேண்டியவை: பழைய மடிப்புக் காமிரா, ஆறு பிலிம் சுருள், பிளாஷ், அதற்கான பல்புகள், கறுப்புத் துணி. காமிராவை நிறுத்தும் முக்காலி தனி. அவருடைய பழைய தேக்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன்; வெறும் பெட்டியே ஒரு குழந்தை கனம். தகர டிரங்கில் வைத்தால் பல்புகள் ஊர் போய்ச் சேராது. வீட்டிலிருந்த ரெக்ஸின் பை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், பிலிமுக்கு ஆகாது. பனையோலைக் கூடை காற்றாக இருந்தது, ஆனால் மூடி கிடையாது. கடைசியில் மெத்தை தைக்கிற கோடுபோட்ட துணியை இரட்டையாக மடித்து, நடுவில் இலவம்பஞ்சு திணித்து, வாயில் நாடா கோத்து நானே ஒரு பை தைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தோல் பையின் பக்கத்தில் வைத்ததும், தலையணைக்குக் காது முளைத்தது போலாயிற்று.

ரயிலில் எதிரே ஒரு பரமக்குடிக்காரர், ஜவுளி வியாபாரி. தோல் பையையே பார்த்துக்கொண்டு வந்தவர், திருப்புவனம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"ஐயா டாக்டருங்களா?"

"இல்லீங்க, போட்டோகிராபர்."

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தச் சாப்பாட்டுப் பையை மேல தூக்கி வைங்கம்மா. சாம்பாரு கீம்பாரு ஊத்திரப் போகுது" என்றார். "அம்மாவும் ராமேஸ்வரம் சாமி கும்பிட வாராகளாக்கும்?"

"ஆமா" என்றார் என் கணவர். நான் என் பையின் நாடாவை இன்னும் ஒரு முறை இறுக்கினேன்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ எழுபது மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு ரூபாய் சொச்சம். அங்கிருந்து பெரியபட்டினத்துக்குப் பன்னிரண்டு மைலாவது இருக்கும். பஸ் நின்று நின்று போய் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியெல்லாம் பனையும் உடைமரமும். ஊர் நெருங்க நெருங்கத் தென்னை கூடி, கருவாட்டு வாசம் ஏறியது. பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் அரை மைல் நடந்தோம். என் பை ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் மோதிற்று. மெல்லிய நாடா தோளில் இறங்கிற்று. முன்னால் நடந்த அவருடைய முதுகில் தோல் பை அசையாமல் ஒட்டிக்கொண்டு போயிற்று.

அந்த வீட்டு வாசலில் ஆண்கள் அவரை வரவேற்று முன்கட்டில் உட்கார வைத்தார்கள். என்னைப் பக்கத்து முடுக்கு வழியாகக் கூட்டிப் போனார்கள். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர அங்கே அப்படி ஒடுக்கமான சந்துகள் உண்டு. உள்கட்டில் முற்றம் நிறையப் பெண்கள். வீட்டுக்குப் பெரியவர் ஆமினா உம்மா. அவருடைய மருமகள் பாத்திமா, இருபத்திரண்டு வயதிருக்கும்; இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. அது அவள் வயிற்றில் இருந்தபோது கப்பலேறிப் போன தகப்பன் அதன் முகத்தை இன்னும் பார்த்ததில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று பாய் விரித்தார் ஆமினா உம்மா. பாத்திமா என் பையைத் தொட்டுப் பார்த்தாள். "சேலையும் கொண்டாந்திருக்கீகளா அக்கா? பிரிங்க, பாப்பம்."

நான் நாடாவை அவிழ்த்துக் காமிராவை எடுத்தேன். முற்றமே சிரித்தது. "அல்லாவே, இதுக்குள்ளயா காமிராவ வச்சிருக்கீக! நான் சேலை மூட்டைன்னுல்ல நெனச்சேன்" என்றாள் பாத்திமா. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் அந்தச் சிரிப்பு வேலைக்கு உதவியது. அவர்களுக்கு இருந்த கூச்சமெல்லாம் அதோடு போய்விட்டது. மாமியார்கள், மருமகள்கள், குமரிகள் என்று ஒவ்வொருவராக முற்றத்து வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பாத்திமா மட்டும் காமிராவைப் பார்த்ததும் விறைத்துப் போனாள். மூன்று முறை முக்காட்டைச் சரிசெய்தாள். நான்காம் முறை கையைத் தூக்கும்போது குழந்தை அவள் காதுத் தொங்கட்டானைப் பிடித்து இழுத்துவிட்டது. "ஏலே, விடுலே!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நான் அமுக்கிவிட்டேன்.

முடிந்ததும் ஆமினா உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்தப் பிலிம யாரும்மா கழுவுவாக?"

"நானேதான் உம்மா."

"ஆம்பளைக யாரும் பாத்திர மாட்டாகளே? எம் மகன் ஒருத்தனுக்குத்தேன் இந்தப் படம். எங்க வீட்டு ஆளுகளுக்கே காட்ட மாட்டோம்."

"என் பையிலேயே இருக்கும். நானே கழுவி, நானே பிரதி எடுத்து அனுப்புறேன்."

அவர் என் பையைப் பார்த்தார். நாடாவைப் பிடித்து லேசாக இழுத்தார். பையின் வாய் திறந்துகொண்டது. "பூட்டு இல்லையேம்மா" என்றார்.

வெளியே வந்ததும் நான் என் கணவரிடம் கேட்டேன். "இந்த இரண்டு சுருளுக்காகவாவது அந்தப் பையை எனக்குக் குடுங்க. அதுலதான் சாவி இருக்கு."

"உன் சுருளை வேணா இதுல போட்டு வை. நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

"உங்க கையில குடுக்கிறதுக்கா நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்? பையே எனக்கு வேணும்."

"அப்ப என் லென்ஸெல்லாம் எங்க வைக்கிறது? உன் தலகாணிலயா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ராமநாதபுரம் திரும்பும்வரை பஸ்ஸில் என் பையை மடியில் வைத்து, அதன் வாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை மறுபடி ரயில். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. ரோடு கிடையாது, தீவுக்குள் போக ரயிலை விட்டால் படகுதான். ஜன்னலுக்குக் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அறைக்கு ஒரு ரூபாய், கிணற்றுத் தண்ணீரில் உப்பில்லை. அக்னி தீர்த்தக் கரையில் வடக்கத்தி யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாக அவரிடம் வந்து தங்களைப் படம் எடுக்கச் சொன்னார்கள். என் கையில் முக்காலி இருந்தது, கழுத்தில் காமிராகூட இருந்தது. என்னிடம் ஒருவரும் வரவில்லை. அந்தத் தோல் பையில்தான் ஏதோ வசியம் இருக்கிறதென்று அன்றைக்கு நான் உறுதியாக நம்பினேன். சத்திரத்துக்குத் திரும்பி என் காமிராவில் லென்ஸைத் தாங்கி நீளும் துருத்தியைப் பிரித்தால் மடிப்பு மடிப்பாக மணல். நாடா வாய் வழியாகப் புகுந்திருக்கிறது. அவருடைய காமிராவில் ஒரு பொடி இல்லை. நான் ஒரு துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் தோல் பைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை. பாம்பனுக்குத் திரும்பி, வண்டி மாறி, தனுஷ்கோடி போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ரயிலடி, தபாலாபீஸ், மாதா கோயில், கடைகள், நிறைய மீனவர் குடிசைகள். இரண்டு பக்கமும் கடல். தலைமன்னாரிலிருந்து கப்பல் அப்போதுதான் வந்திருந்தது. கிராம்பு வாசமும் சோப்பு வாசமும் கலந்து அடிக்க, ஜனங்கள் மூட்டைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தீவின் கோடியான அரிச்சல்முனைக்கு மூன்று மைலுக்கு மேல் மணலில் நடக்க வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது, சாமான் சோதிக்கும் கொட்டகை ஓரத்தில் நின்ற ஒரு காவலாள் எங்களைக் கைகாட்டி நிறுத்தினார். எங்களை என்பதைவிட, என்னை.

"அம்மா, பையக் காட்டுங்க."

"நாங்க கப்பல்ல வரலீங்க. மதுரையிலேர்ந்து வாரோம்."

"எல்லாரும் அப்படித்தேன் சொல்றாக. காட்டுங்கம்மா, என் வேல."

குற்றம் சொல்ல முடியாது. மெத்தைத் துணிப் பையில் பஞ்சுக்கு நடுவே எதை வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம். அவர் பையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கைவிட்டுப் பல்புகளை எடுத்தார், வைத்தார். அப்புறம் ஒரு பிலிம் சுருளை எடுத்தார். பெரியபட்டினத்துச் சுருள்.

"இதென்ன, சுருட்டாட்டம்? உள்ள என்ன இருக்கு?"

சுருளை மூடி ஒட்டியிருந்த தாளுக்கு அடியில் நகத்தைக் கொடுத்தார். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அந்த வெயிலில் அத்தனை பெண்களும் ஒரு நொடியில் வெந்துபோவார்கள். "பிரிக்காதீங்க! பிரிக்காதீங்க!" என்று மட்டும் கத்தினேன். கத்தியதும் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

என் கணவர் முன்னால் வந்தார். "சார், அது என் பிலிம். பத்திரிகைக்கு எடுத்தது. வெளிச்சம் பட்டாப் போச்சு."

காவலாள் அவரைப் பார்த்தார், தோளிலிருந்த பையைப் பார்த்தார், கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். "மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? மன்னிச்சுக்கிருங்க" என்று சுருளை அவர் கையில் கொடுத்தார். என் கணவர் தோல் பையைத் திறந்து, அதைச் சிவப்புக் கம்பளிக்குள் வைத்து மூடினார். கொக்கி 'டக்'கென்றது.

சுருள் பிழைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரம். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு மைல் நடந்தோம். மணல் கணுக்கால்வரை இழுத்தது.

"என் பிலிம்னு சொன்னீங்களே" என்றேன்.

"சொல்லலேன்னா பிரிச்சிருப்பான்."

"எம் பொஞ்சாதி எடுத்ததுன்னு சொல்லியிருக்கலாம்ல."

"நம்பியிருப்பானா?"

நம்பியிருக்க மாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பையை நான்தான் பார்த்து வச்சேன்" என்றேன். மணலில் நின்று, மூன்று மாதக் குழந்தையைப் பறிகொடுத்தவள் போலச் சொன்னேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

அவர் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "பெரியபட்டினத்துல நீ உள்ள இருந்தப்ப, சிரிப்புச் சத்தம் முன்கட்டு வரைக்கும் வந்துச்சு. என் காமிரா முன்னால அப்படி யாரும் சிரிச்சதில்ல மரகதம். பக்கத்துல இருந்தவர் என்கிட்ட கேக்குறாரு, 'போட்டோக்கார அம்மாவுக்குத் துணைக்கு வந்தீகளாக்கும்?'னு. நம்ம தெருவுலயும் இப்ப அப்படித்தான். கடையத் தேடி வாரவன், 'போட்டோக்கார அம்மா இல்லையா?'ன்னு கேக்குறான். இந்தப் பையத் தோள்ல போட்டா யாரும் அப்படிக் கேக்குறதில்ல."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியதென்று எழுதினால் நன்றாயிருக்கும். இளகவில்லை. உள்ளுக்குள் ஒரு கணம் வெல்லமாக இனித்தது. அவருக்கும் எரிகிறதா, எரியட்டும் என்று நினைத்தேன். பையை மட்டும் அவர் கழற்றவில்லை.

அரிச்சல்முனையில் நிலம் ஒரு நாக்கைப் போலக் கூர்ந்து முடிகிறது. ஒரு பக்கத்தைப் பெண்கடல் என்கிறார்கள், மறு பக்கத்தை ஆண்கடல் என்கிறார்கள். மீனவர்கள் இரண்டு வரிசையாக நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடிய பாட்டைக் காற்று பாதியாகத்தான் எங்களிடம் கொண்டுவந்தது. என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காமிராவை மட்டும் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, "பார்த்துக்கோ" என்று தோல் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஈர மணலில் ஓடினார்.

நான் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அதைத் திறந்து, அவருடைய லென்ஸ், பில்டர் கண்ணாடிகள், சுருள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, கைக்குட்டையில் பொதிந்து, என் மெத்தைப் பையில் அடுக்கினேன். என்னுடையவற்றைத் தோல் பையில் வைத்தேன். எல்லாம் அளவெடுத்தது போல உட்கார்ந்தன. பெரியபட்டினத்துச் சுருள்கள் இரண்டையும் உள்ளறையில் போட்டு, கொக்கியிலேயே தொங்கிய சாவியால் பூட்டி, அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். எழுந்து மாட்டிப் பார்த்தேன். கனம் முதுகில் பரவிற்று. தோளில் ஒரு பொட்டு வலி இல்லை. எவ்வளவு நல்ல பை! நான் நினைத்ததைவிட நல்ல பை. அதற்காகவும் அவர்மேல் ஆத்திரம் வந்தது.

அவர் நனைந்து திரும்பிவந்தார். என் தோளைப் பார்த்தார். தரையில் கிடந்த மெத்தைப் பையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், நானும் பதில் சொல்லலாம் என்று வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் குனிந்து மெத்தைப் பையை எடுத்து, மணலைத் தட்டி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திரும்பும் மூன்று மைலும் நான் முன்னால் நடந்தேன். காற்று சேலையைப் படபடக்க வைத்தது. தலை நிமிர்ந்திருந்தது. கொட்டகை வந்தது. அதே காவலாள். இப்போது என்னைப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

அவர் என் கணவரைப் பார்த்துக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். இவர் தோளில் பஞ்சுப் பை, வேட்டியெல்லாம் மணல். அப்படியும் கை போயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா, ஐயாவோட பையையும் நீங்கதேன் சுமக்கணுமா? கனமா இருக்குமே. குடுங்க, டேசன் வரைக்கும் ஒரு ஆளு அனுப்புறேன்" என்றார்.

அப்போது என் கணவர் சொன்னார்: "அது அவங்க பைதான். போட்டோ எடுக்கிறது அவங்கதான். காலையில நீங்க பிரிக்கப் பாத்தீங்களே, அந்தப் பிலிமும் அவங்களுதுதான்."

காவலாள் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாச் சொன்னீக சார்!" என்றார்.

ரயிலடிக் கடையில் சுக்குக்காப்பி குடித்தோம். பாம்பன் பாலத்தில் வண்டி ஊரும்போது என் கணவர் மெத்தைப் பையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "தோள் எரியுது" என்றார். "எரியும்" என்றேன். நான் பொறாமைப்பட்டது ஒரு பையைப் பார்த்து அல்ல என்பது அந்தப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது. எதை மாட்டினாலும் அவர் போட்டோகிராபர். எதை மாட்டினாலும் நான் அவர் பெண்டாட்டி. அவர் வாயால் சொன்னாலும் அது மாறவில்லை. சொன்னார் என்பதை மட்டும் நான் குறித்துக்கொண்டேன்.

காமிராவைத் தோளில் போட்டு அந்தக் கரையில் நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வார் அகலமாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. குறுக்கே மாட்டுங்கள், மூடி உடம்பைப் பார்த்து இருக்கட்டும். நாடாவை நம்பாதீர்கள், அந்த ஊர் மணல் ஊசிக்கண்ணிலும் புகும். பஞ்சு அடியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. தோல் வாங்க முடிந்தால் தோலே வாங்குங்கள். உப்புக் காற்றுக்கு எண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவுதான். மனைவியோ கணவனோ கூட வந்தால் இரண்டாக வாங்குங்கள்.

மதுரைக்கு வந்த மறுநாள் நான் இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். தனுஷ்கோடியின் அந்த வெளிச்சத்துக்குப் பிறகு, இரண்டு ஆள் நிற்க முடியாத எங்கள் இருட்டறை இன்னும் சின்னதாகத் தெரிந்தது. இருட்டிலேயே சுருள்களைக் கழுவினேன், காயவைத்தேன், சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பிரதி எடுக்க ஆரம்பித்தேன். வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது.

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அந்தப் பொண்ணு... குழந்தையோட சிரிச்சுதுன்னு சொன்னியே, அதுவுமா?"

"அதுவுந்தான்."

"ஒண்ணே ஒண்ணு காட்டேன் மரகதம். நான் போட்டோகிராபர்தானே, ஆம்பளையாப் பார்க்கமாட்டேன்."

"முடியாதுங்க."

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த காகிதத்தைத் தட்டில் நழுவவிட்டு மெல்ல ஆட்டினேன். வெறும் வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தொங்கட்டான் வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த குட்டி விரல்கள், பிறகு பாத்திமாவின் வாய் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.